பள்ளிபாளையம் சிக்கனில் பள்ளிபாளையம் எங்கே?

சென்னையிலோ பெங்களூருவிலோ 'கொங்கு' என்று பெயர் தொடங்கும் ஏதாவது ஒரு ஓட்டலுக்குள் போய்ப் பாருங்கள். வாசலில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் சாத்தி வைத்திருக்கும். உள்ளே சுவரில் பொக்கைவாய்ப் பாட்டி ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். மெனு கார்டில் 'பாரம்பரிய' என்ற வார்த்தை பக்கத்துக்கு நாலு இடத்தில் இருக்கும். பாட்டி யார், எந்த ஊர், அவர் நிஜமாகவே என்ன சாப்பிட்டார் என்று சப்ளையரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் பாவம், ஒடிசாவிலிருந்து வந்திருப்பார் :)

சரி, பாட்டியை விட்டுவிடலாம். பள்ளிபாளையம் சிக்கன் ஆர்டர் செய்யுங்கள். சிவப்புச் சாயம் பூசிய எலும்பில்லாத கோழித்துண்டு, மேலே சோள மாவு, பக்கத்தில் குடைமிளகாய், அடியில் தக்காளியும் கரம் மசாலாவும் போட்ட கெட்டிக் குழம்பு. இதுதான் வரும். இதற்குப் பெயர் பள்ளிபாளையம் சிக்கன் என்றால், சாம்பாருக்குப் பெயர் பாயசம் என்றும் வைக்கலாம்.

பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் ஊர். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பள்ளிபாளையம், அந்தப் பக்கம் ஈரோடு. விசைத்தறியும் காகித ஆலையும் உள்ள உழைப்பாளிகளின் ஊர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கறியின் விதி ரொம்ப எளிமை. எலும்போடு சின்னச் சின்னதாக வெட்டிய கோழி. நிறைய சின்ன வெங்காயம். விதை நீக்கிக் கிள்ளிப்போட்ட வரமிளகாய். மஞ்சள், உப்பு, எண்ணெய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அவ்வளவுதான். சிலர் பூண்டு தட்டிப் போடுவார்கள். மசாலாப் பொடி கிடையாது, தக்காளி கிடையாது, அரைத்து ஊற்றுவது எதுவும் கிடையாது. தண்ணீர் தெளித்துத் தெளித்து, கோழியில் ஊறும் சாற்றிலேயே வேகவிட்டுச் சுருட்டி எடுப்பது.

இந்த எளிமை ஏன் என்று யோசித்தால் ஒரு பொருளாதாரப் பாடமே கிடைக்கும். கொங்குப் பக்கத்தில் மிளகு, சீரகம், மல்லி, பட்டை மாதிரி சாமான்களுக்கு 'செலவு' என்று பெயர். 'செலவு ரசம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக் கொடுப்பார்கள். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. வெங்காயமும் மிளகாயும் தேங்காயும் தோட்டத்தில் கிடைப்பவை. மற்றது காசு கொடுத்துக் கடையில் வாங்க வேண்டியது, ஆகவே செலவு. செலவு இல்லாமல் ருசி எப்படிக் கொண்டுவருவது என்று ஒரு வறண்ட பூமி கண்டுபிடித்த விடைதான் இந்தக் கறி. அதில் போய் பத்து வகைச் செலவைக் கொட்டி, மேலே பாரம்பரியம் என்று லேபிள் ஒட்டுவது அந்த விடையையே அழித்துவிட்டுக் கேள்வித்தாளை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவது.

நற்பெயர் யாருடைய சொத்து?

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'நற்பெயர்' என்ற கண்ணுக்குத் தெரியாத சொத்து தெரிந்திருக்கும். கடையை விற்கும்போது மேஜை நாற்காலிக்கு ஒரு விலை, அந்தக் கடைக்கு இருக்கும் பேருக்கு தனியாக ஒரு விலை. ஒருவர் சம்பாதித்த பேரை இன்னொருவர் பயன்படுத்தினால் காசு கொடுக்க வேண்டும். இது வணிகத்தின் அரிச்சுவடி.

பள்ளிபாளையம் என்ற பெயரும், சேலம் தட்டுவடை செட் என்ற பெயரும், கொங்குச் சமையல் என்ற பெயரும் இன்று நன்றாக விலைபோகும் நற்பெயர்கள். இவற்றைச் சம்பாதித்தது யார்? விறகடுப்புப் புகையில் கண் எரிய நின்ற பெண்கள். தள்ளுவண்டிக்காரர்கள். தறி ஓட்டிவிட்டு சாயங்காலம் நாலு காசுக்கு நொறுக்குத்தீனி வாங்கித் தின்ற நெசவாளிகள். அந்தச் சொத்து இன்று யாருடைய இருப்புநிலைக் குறிப்பில் இருக்கிறது? குளிர்சாதன அறையும் வேலட் பார்க்கிங்கும் வைத்திருப்பவரிடம். சம்பாதித்தவர்களுக்குப் போன பங்கு சைபர்.

சேலம் தட்டுவடை செட்டைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எந்தத் தெருமுனைக்குப் போனாலும் சாயங்காலம் ஒரு வண்டி நிற்கும். ஒரு தட்டுவடை, அதன்மேல் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், கார்ச் சட்னி ஒன்று, பச்சைச் சட்னி ஒன்று, மேலே மூடி இன்னொரு தட்டுவடை. அதையே நொறுக்கிக் கலந்து கொடுத்தால் 'நொறுக்கல்'. இது எந்த அரண்மனையிலும் பிறக்கவில்லை, எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. தெருவில் பிறந்து தெருவிலேயே வளர்ந்த தின்பண்டம். ஆனால் அதில் போடும் தட்டுவடையை வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக் கூலிக்குத் தட்டித் தருகிற பெண்ணின் படம் எந்த ஓட்டல் சுவரிலும் இல்லை. பொக்கைவாய்ப் பாட்டிதான் இருக்கிறார். ஏனென்றால் படத்தில் இருக்கும் பாட்டி கூலி கேட்கமாட்டார்.

மெனுவில் இல்லாத சாப்பாடு

இன்னொரு பெரிய புரட்டு இருக்கிறது. இந்த ஓட்டல்களின் 'பாரம்பரியச் சாப்பாடு' என்பது கோழி, ஆட்டுக்கறி, காடை, நல்லெண்ணெய், வெள்ளைச் சோறு. சேலம் - நாமக்கல் சமவெளியில் மூன்று தலைமுறைக்கு முன்னால் ஒரு சாதாரண வீட்டில் தினமும் இதுவா உலையில் கொதித்தது?

காவிரிக் கரையையும் ஏரிப் பாசனத்தையும் விட்டுவிட்டால் மிச்சமெல்லாம் மானாவாரிக் காடு. கம்பு, சோளம், கேழ்வரகு, கொள்ளு, தட்டைப்பயறு. அதுதான் சாப்பாடு. ராகிக் களி, கம்பஞ்சோறு, சோளச்சோறு, கம்மங்கூழ். தொட்டுக்கொள்ள கொள்ளுப் பருப்பு, கீரைக் கடைசல். அந்தக் கீரையும் காசுக்கு வாங்கியது இல்லை. மழை பெய்தால் காட்டில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் பறித்து வந்து, சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தது. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும். கறி என்பது நோம்பிக்கும் கிடாவெட்டுக்கும்.

1876-78 பெரும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அப்படிப்பட்ட பூமியின் சமையல் மரபைப் 'பத்து வகை அசைவத் தாலி' என்று விற்பது, பட்டினி கிடந்தவனின் படத்துக்குப் பட்டுவேட்டி கட்டிவிடுவது மாதிரி.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வரவும் வேண்டும். "களியும் கூழும் ஏழைச் சாப்பாடு. கஷ்டப்பட்டு அதிலிருந்து வெளியே வந்த ஜனங்களைத் திரும்பக் கூழ் குடிக்கச் சொல்கிறீர்களா?"

நியாயமான கேள்வி. பதில்: இல்லை. அரிசிச் சோறு கேட்டு வாங்கியது இந்த ஜனங்களின் வெற்றி. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற ஒரு கோஷம் ஆட்சியையே மாற்றியது. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011-லிருந்து இலவசம். பண்ணையார் வீட்டில் மட்டும் பொங்கிய வெள்ளைச் சோறு கூலிக்காரர் வீட்டிலும் பொங்கியது. இதைக் கிண்டலடிக்கும் 'ஆர்கானிக்' கனவான்கள் ஒரு மாதம் தொடர்ந்து காலையும் இரவும் களி மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாம்.

அதே மாதிரி 'அம்மியில் அரைத்தால்தான் ருசி, உரலில் குத்தினால்தான் சத்து' என்று உருகுகிறவர்களும் கொஞ்சம் அடங்குவது நல்லது. கம்பஞ்சோறு ஆக்குவது என்றால் என்ன வேலை தெரியுமா? கம்பின் மேல் தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து உமி நீக்கி, மறுபடி குத்தி, நொய்யாக உடைத்து, கொதிக்கும் உலையில் போட்டு அடிப்பிடிக்காமல் கிண்டி, உருட்டி வைத்து, மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு, காலையில் கரைத்து மோர் விட்டு வெங்காயத்தோடு கொடுப்பது. விடிவதற்கு முன்னால் தொடங்கி இருட்டிய பிறகு முடியும். அதற்கு நடுவில் காட்டு வேலை வேறு. குத்தினது முழுக்கப் பெண்கள்தான். மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபோது எந்த அம்மாயியும் உரலுக்காக அழவில்லை. அழுகிறவர்கள் எல்லாரும் உரலைத் தொட்டுப் பார்க்காத ஆண்கள் :)

ஆக, பிரச்சினை ஜனங்கள் அரிசிக்கு மாறியது இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

நிலம் யாருக்குச் சமைக்கிறது?

கம்பும் சோளமும் விளைந்த காடு சும்மா கிடக்கவில்லை. அங்கே இன்று மக்காச்சோளமும் மரவள்ளியும் நிற்கின்றன.

மக்காச்சோளம் மனுஷனுக்கு இல்லை, கோழிக்கு. நாமக்கல் முட்டை தமிழ்நாட்டுச் சத்துணவுக்கும் கேரளாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறது. 2010-லிருந்து சத்துணவில் வாரம் ஐந்து முட்டை என்பது எத்தனையோ லட்சம் குழந்தைகளுக்குக் கிடைத்த புரதம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த முட்டையின் கதையில் ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஆளுக்குச் சோறு போட்ட நிலம் இப்போது தீவன ஆலைக்குப் பயிர் செய்கிறது.

மரவள்ளியின் கதை இன்னும் சுவாரசியம். இது தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது 1943-ல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது. கப்பலில் வந்துகொண்டிருந்த மாவும் ஜவ்வரிசியும் வராமல் போனபோது, இங்கேயே கிழங்கிலிருந்து எடுக்கலாம் என்று சேலத்து வியாபாரிகள் இறங்கினார்கள். 1981-ல் ஆலைக்காரர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடநாட்டில் விரத நாளில் சாப்பிடும் ஜவ்வரிசிக் கிச்சடிக்கு இங்கிருந்துதான் பெரும்பங்கு போகிறது.

கவனியுங்கள். எண்பது வருஷத் தொழிற்சாலைப் பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கிடைத்தது தப்பில்லை, உழைத்து வாங்கினார்கள். ஏன் கிடைத்தது? ஏனென்றால் அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. 1999-ம் வருடச் சட்டப்படி விண்ணப்பம் போட உற்பத்தியாளர் சங்கமோ அமைப்போ வேண்டும், ஆவணம் வேண்டும், வக்கீல் வேண்டும். களி கிண்டிய அம்மாயிக்குச் சங்கம் கிடையாது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவருக்கு மரபும் கிடையாது.

இதில் கொடுமையான பகுதி கொல்லிமலையில் நடந்தது. சமவெளியில் மரவள்ளி ஆலைகள் பெருகப் பெருக, மலைமேல் சாமையும் தினையும் விளைந்த கொல்லைகளில் கிழங்கு ஏறியது. சாமையைக் குத்துவது கஷ்டம், விற்பதும் கஷ்டம். கிழங்குக்கோ லாரி வீட்டு வாசலுக்கே வரும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே மலைவாழ் மக்களோடு சேர்ந்து பழைய விதைகளைக் காப்பாற்றவும், உமி நீக்கும் இயந்திரம் வைக்கவும் வேலை செய்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் முட்டுக்கொடுத்து நிறுத்துகிற நிலைக்கு ஒரு பிரதேசத்தின் சாப்பாடு போய்விட்டது என்பதுதான் செய்தி.

விவசாயியைக் குற்றம் சொல்ல முடியுமா? மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் தானியப் பட்டியலில் நெல், கோதுமை, வாற்கோதுமை, சோளம், கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு என்று ஏழு இருக்கின்றன. சாமையும் தினையும் அதில் இல்லவே இல்லை. கேழ்வரகுக்கு 2023-24-ல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய் அறிவித்தார்கள். அறிவித்த விலையில் வாங்க ஆள் இருந்தால்தானே அது விலை? அதே 2023, ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேச சிறுதானிய ஆண்டு. நட்சத்திர ஓட்டல்களில் சிறுதானிய விருந்து அமர்க்களப்பட்டது. அந்த வருஷம் தமிழ்நாட்டு ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது நீலகிரியிலும் தருமபுரியிலும். 1965 வரை சேலத்தோடு ஒரே மாவட்டமாக இருந்த ஊர்தான் தருமபுரி. அந்தப் பக்கம் சாத்தியமானது இந்தப் பக்கம் ஏன் சாத்தியமில்லை?

யார் வீட்டுச் சமையல்?

'கொங்குச் சமையல்' என்று சொல்லும்போது எந்த வீட்டு அடுப்பு நினைவுக்கு வருகிறது? தோட்டமும் கிணறும் மாடும் உள்ள வீட்டு அடுப்பு. அரிசிம்பருப்பு, சந்தகை, ஒப்புட்டு, கச்சாயம். எல்லாம் அருமையான பண்டங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இது முழுச் சமையல் கிடையாது. ஒரு பகுதியின் நோம்பிச் சமையல்.

சேலம் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், சௌராஷ்டிரம் பேசுகிறவர், உருது பேசுகிறவர் என்று நெசவும் வியாபாரமுமாகக் கலந்து கிடக்கும் ஊர் அது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குழம்பு. இதெல்லாம் 'கொங்கு' என்ற ஒற்றை லேபிளுக்குள் அடங்குமா?

சேரித் தெருக்களின் சமையல் எங்கே? முதல் மழைக்குப் பறக்கும் ஈசலைப் பிடித்து வறுத்து, அரிசிப் பொரியோடு கலந்து தின்றது இந்தச் சமவெளியின் ருசி இல்லையா? வயல் எலி, நத்தை, மாட்டுக்கறி, பன்றிக்கறி? ஆடு அடித்த வீட்டில் தொடை ஒரு பக்கம் போக, குடலும் ரத்தமும் காலும் தலையும் இன்னொரு பக்கம் போனது. அதை ருசியாக்கத் தெரிந்தவர்கள்தான் நிஜமான சமையல்காரர்கள். குடலும் தலைக்கறியும் மட்டும் இப்போது ஓட்டல் மெனுவுக்கு வந்துவிட்டன, நல்ல விலையும் போட்டாகிவிட்டது. அதைச் சமைத்தே பழக்கப்பட்டவர்களின் தெருப் பெயர் மட்டும் வரவில்லை. மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் பாரம்பரியப் பட்டியலில் நுழையவே இல்லை. மரபு என்பது சாதி பார்த்துத்தான் உள்ளே விடும் என்றால் அதற்குப் பெயர் மரபு இல்லை, வாசற்படி.

கொஞ்சம் வேல்ஸ் பக்கம்

பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் வேல்ஸ் என்று ஒரு சின்ன நாடு. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். சேலமும் நாமக்கல்லும் சேர்ந்தால் 2011-லேயே 52 லட்சம். அங்கேயும் மலை, மழை, ஏழ்மை, பக்கத்தில் ஒரு பெரிய மொழியின் ஆதிக்கம். அவர்கள் சமையலும் ஏழைச் சமையல்தான். எலும்பும் கிழங்கும் போட்டுக் கொதிக்கவிடும் 'கவுல்' என்ற சூப்பு. கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்துச் செய்யும் கூழ். ஓட்ஸ் மாவை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, வடிகட்டிக் காய்ச்சும் 'லம்ரி' என்று ஒரு பண்டம். படித்தால் நம்ம ஊர்க் கூழுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரியே இருக்கும்.

அங்கே கார்டிஃப் பக்கம் செயின்ட் ஃபேகன்ஸ் என்ற இடத்தில் 1948-ல் ஒரு நாட்டுப்புற அருங்காட்சியகம் திறந்தார்கள். அதில் வேலை பார்த்த மின்வெல் டிபட் என்ற பெண்மணி 1960-களின் இறுதியில் தொடங்கி, டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். வயதான பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார். எந்த அடுப்பு, எந்தப் பாத்திரம், எந்த நாளில் எது, அந்தப் பண்டத்துக்கு அந்த வட்டாரத்தில் என்ன பெயர். நிலச்சுவான்தார் வீட்டு விருந்தை மட்டும் அல்ல, பண்ணைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் பதிந்தார். 1976-ல் அது புத்தகமாக வந்தது. 2017-ல் அந்தக் கடற்பாசிக் கூழுக்கு ஐரோப்பிய அளவில் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது.

வேல்ஸில் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அங்கேயும் பிள்ளைகள் பர்கர்தான் சாப்பிடுகின்றன. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஒருவர் 'பாரம்பரிய' என்று போட்டு எதையாவது விற்றால், அது சரியா தப்பா என்று எடுத்துப் பார்க்க ஒரு பதிவு இருக்கிறது. சேலத்துக்கு வெள்ளைக்காரன் இரண்டு பெரிய புத்தகம் எழுதி வைத்தான், 1883-ல் ஒன்று, 1918-ல் ஒன்று. மாவட்டத்தை நிர்வாகம் செய்ய, வரி வசூலிக்க என்ன தெரிய வேண்டுமோ அதற்காக எழுதியவை. அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்து கேட்கும் வேலை வெள்ளைக்காரனுடையது இல்லை. அது இந்த ஊர்ப் பிள்ளைகளின் வேலை.

'எல்லாம் மாறிக்கொண்டுதானே இருக்கும்?'

இது அடுத்த வாதம். மிளகாயே போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, தக்காளியும் நிலக்கடலையும் வெளிநாடு, பிறகு எது பாரம்பரியம் என்று கேட்பார்கள்.

உண்மைதான். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் வராமல் பள்ளிபாளையம் சிக்கன் கிடையவே கிடையாது. சமையலுக்குக் கற்பு இல்லை, தேவையும் இல்லை. குடைமிளகாய் போட்டு, சீஸ் போட்டு, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நன்றாக இருந்தால் ஜனங்கள் சாப்பிடுவார்கள். ஆனால் அதற்கு உங்கள் கடைப் பெயரை வையுங்கள். மாற்றம் வேறு, பொய் முத்திரை வேறு. வேறு தங்கத்தில் நகை செய்வது தொழில். அதில் 916 என்று குத்துவது மோசடி. கர்நாடக அரசு 2024-ல் சிக்கன் கபாபில் செயற்கை நிறமி போடத் தடை விதித்தது. உடம்புக்குக் கெடுதல் என்பதற்காக வந்த தடை அது. பேருக்குக் கெடுதல் செய்வதற்கு இன்னும் ஒரு தடையும் இல்லை.

என்ன செய்யலாம்?

புலம்பிவிட்டுப் போவது சுலபம். மூன்று விஷயம் செய்ய முடியும். மூன்றுக்கும் பெரிய காசு தேவையில்லை.

1) பதிவு. 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. வருஷா வருஷம் பி.காம். பி.பி.ஏ. பிள்ளைகள் 'ஷாம்பு வாடிக்கையாளர்களின் திருப்தி' என்று சீனியர் புராஜெக்டையே பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். (தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்!) அதற்குப் பதில் ஆளுக்கு ஐந்து வீடு. எழுபது வயது தாண்டிய ஐந்து பெண்கள். கையில் இருக்கும் போனில் பதிவு செய்யலாம். எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், சொந்தத் தெருவுக்கு மட்டும் அல்ல. சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரோடு. வெறும் செய்முறை மட்டும் இல்லாமல் என்ன கூலி, என்ன தானியம், எத்தனை மணி நேரம் என்பதும் சேர்த்து.

2) கொள்முதல். சத்துணவுக்கு முட்டை நாமக்கல்லிலிருந்து வாங்க முடிகிறது. அதே மாவட்டத்துக் கம்பையும் கேழ்வரகையும் அறிவித்த விலையில் வாங்கி, இரண்டு மாவட்டப் பள்ளிகளிலும் வாரம் ஒரு நாள் போட முடியாதா? உமி நீக்க இயந்திரம் இருக்கிறது, உரல் வேண்டாம். கட்டாயமாக அரிசியைப் பிடுங்கக் கூடாது. அரிசியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்க ஆள் இருந்தால் விவசாயி விதைப்பார். அவருக்கு யாரும் பாரம்பரியம் பற்றி வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

3) நேர்மை. ஊர்ப் பெயரை மெனுவில் போட்டால் அந்த ஊர் முறையில் செய்யுங்கள். தட்டுவடை தட்டுகிற பெண்களும் வண்டிக்காரர்களும் சங்கமாகச் சேர்ந்து, ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் செய்த மாதிரியே அவர்கள் பேரைப் பதிவு செய்துகொள்ள மாவட்டத் தொழில் மையம் உதவட்டும். ஆலை முதலாளிக்குக் கிடைத்தது அடுப்படித் தொழிலாளிக்கும் கிடைக்கட்டும்.

இதில் முதலாவது மட்டும் காத்திருக்காது. கம்பு குத்திய கைகளுக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயது. கொள்முதல் அடுத்த அரசாங்கம் வந்தும் செய்யலாம், சங்கம் பத்து வருஷம் கழித்தும் அமைக்கலாம். பண்ணைக்கீரை எது, களை எது என்று காட்டில் நின்று காட்டித்தரும் ஆள் போய்விட்டால் எந்த அரசாணை போட்டும் திரும்ப வராது. அடுத்த செமஸ்டரில் புராஜெக்ட் தலைப்பு கேட்கும்போது ஷாம்புவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

டிஸ்கி: இது எந்த ஒரு தனிப்பட்ட ஓட்டலையும் குறிப்பிட்டு எழுதியது அல்ல. தொப்பி பொருந்துகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம், பில்லில் சேர்க்கப்படமாட்டாது :)